செம்பருத்தி செத்ததாக ஒப்புக்கொண்டேன்

கடல்மீன் தொட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உப்பு எத்தனை பங்கு, தண்ணீர்ச் சூடு எத்தனை டிகிரி, எந்த பம்பு எவ்வளவு இழுக்கும் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதெல்லாம் உங்கள் கைப்பேசிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் வெறும் ஏழுமலை. இருபத்தாறு வருடம் அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கும் பூந்தமல்லிக்குமாக, வண்டியின் இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடியவன். முதுகு போதும் என்று சொல்லிவிட்டதால் போன வருடம் நிறுத்தினேன்.

நிறுத்தினேனே தவிர, கை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையானால் விரல்கள் குறுகுறுக்கின்றன. குளிக்கப் போனவன் வாளிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டு நிற்கிறேன் என்று என் மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சட்டையில் காய்ந்த உப்பு வெள்ளைவெள்ளையாகப் பூத்திருக்குமே, அந்தச் சட்டைகளைத் தூக்கிப் போட இன்னும் மனசு வரவில்லை.

உங்கள் கைப்பேசியில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த ஒரு தப்பு. அதில் மீன் சாகவில்லை, தண்ணீர் கெடவில்லை, தொட்டியும் உடையவில்லை. ஆனாலும் இத்தனை வருடத்தில் அதைவிட மோசமாக நான் எதையும் செய்ததில்லை.

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நான்காவது மாடியில் சாரும் அம்மாவும் இருந்தார்கள். சார் கரூர்ப் பக்கம் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். அவனுக்காகத்தான் ஊரைவிட்டு வந்தார்கள். அவன் ஆசைப்பட்டுக் கூடத்தில் ஐந்தடிக் கடல் தொட்டி வைத்தான். வைத்த மறு வருடமே அமெரிக்கா போய்விட்டான். போகும்போது தொட்டியை விற்றுவிடச் சொன்னான். சார் மறுத்துவிட்டார்.

"ஆளும் இல்ல, மீனும் இல்லன்னா சாயங்காலமானா நாங்க ரெண்டு பேரும் செவுத்தையா பார்த்துட்டு உட்கார்றது?" என்றாராம்.

அடுத்த வாரமே என்னோடு அம்பத்தூர்க் கடைக்கு வந்து தன் கையால் ஒரு மீனைத் தேர்ந்தெடுத்தார். ராஸ் சாதியில் கோரிஸ் என்று நாம் சொல்வோமே, அதன் குட்டி. விரல் நீளம். நல்ல செம்மஞ்சள் உடம்பு, முதுகில் கறுப்புக் கரை கட்டிய வெள்ளைத் திட்டுகள். அம்மா பார்த்தவுடனே "செம்பருத்தி" என்று பெயர் வைத்துவிட்டார். இது வளர்ந்தால் முழங்கை நீளம் வரும், வாயில் அகப்பட்டதையெல்லாம் தின்னும் என்று நான் எச்சரித்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வளர்ந்தால் இந்த நிறமே இருக்காது என்பதை. மறைக்கவில்லை, எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு. நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி அது.

தொட்டியில் விட்ட ஐந்தாவது நிமிடம் செம்பருத்தி மண்ணுக்குள் பாய்ந்து மறைந்தது. இந்தச் சாதி மீன் பயந்தாலும் மண்ணுக்குள்தான் போகும், தூங்கவும் மண்ணுக்குள்தான் போகும். மூன்று நாள் வெளியே வரவில்லை. சார் ஒரு நாளைக்கு நாலு முறை போன் செய்தார். "செத்து அழுகியிருந்தா தண்ணி கெட்டுடுமேப்பா, தோண்டிப் பார்த்திடட்டுமா?" என்று கேட்டார். "மண்ணத் தொடாதீங்க சார். அதுவா வரும். நான் சொல்றேன்ல" என்றேன். நான்காம் நாள் காலை அது வெளியே வந்து, ஒன்றுமே நடக்காதது போல இரால் கேட்டது. அன்றிலிருந்து சாருக்கு என் வார்த்தை வேதவாக்கு. குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டார். ஒரே வருடத்தில் அந்த ஒரு குடியிருப்பிலேயே எனக்குப் பன்னிரண்டு தொட்டிகள்.

செம்பருத்தி செய்த அட்டகாசம் கொஞ்சமில்லை. மகன் வைத்துவிட்டுப் போன நத்தை, நண்டு, இரால் எல்லாவற்றையும் தீர்த்துக் கட்டியது. இரண்டு நீலக் குட்டி மீன்கள் ஒரே பகலில் காணாமல் போயின. கல்லையெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்க்கும். நான் தலையிலடித்துக்கொள்வேன், சாருக்கோ ஒரே பெருமை. "வீட்டுக்கு ஒரு ரவுடி வேணும்பா" என்பார். நாற்காலியைத் தொட்டியின் இடப்பக்கம் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். அதுவும் அந்த மூலையிலேயே வந்து நிற்கும். அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து தருவார். அந்த வெள்ளிக்கிழமைக் காலைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. வேலை முடிந்த பிறகும் கண்ணாடியைத் துடைக்கிற பாவனையில் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

பிறகு மருமகளின் பிரசவத்துக்காக இருவரும் ஆறு மாதம் அமெரிக்கா போனார்கள். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். "ஞாயித்துக்கிழமை ஒரு போட்டோ அனுப்பினா போதும்" என்றார் சார்.

முதல் மாதம் ஒழுங்காக எடுத்து அனுப்பினேன். வாரத்தில் மூன்று நாள் போய்ப் பார்த்தேன், தண்ணீர் மாற்றினேன், தீனி வைத்தேன். வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாலையில்தான் போக முடிந்தது. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த பூந்தமல்லி சாலையில் கேனோடு நகர்ந்து நகர்ந்து போய்ச் சேர்வதற்குள் செம்பருத்தி மண்ணுக்குள் தூங்கப் போயிருக்கும். அதனாலென்ன என்று கையிலிருந்த பழைய படம் ஒன்றை அனுப்பினேன். சார் ஒரு பூவும் இரண்டு கும்பிடும் திருப்பி அனுப்பினார்.

இரண்டாம் மாதம் நிறம் மாற ஆரம்பித்தது. வெள்ளைத் திட்டுகள் அழுக்காகின, செம்மஞ்சள் மங்கிச் சேற்று நிறமானது. வியாதி வந்த மீனைப் போலத் தெரிந்தது. பகலில் போனபோது சில படங்கள் எடுத்தேன். ஆனால் எங்கேயோ தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று அவற்றை அனுப்பவில்லை. முதல் மாதத்துப் படங்களையே மாற்றி மாற்றி அனுப்பினேன். அவர்கள் திரும்பி வரும் நேரத்தில் செம்பருத்தி ஒரு சாண் தாண்டி வளர்ந்து, கரும்பச்சை உடம்பில் நீலப் புள்ளிகளும் மஞ்சள் வாலுமாக ஜம்மென்று இருந்தது. வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பேதைத்தனம் என்றால் இதுதான்.

அவர்கள் வந்து சேர்ந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, சிரித்த முகத்தோடு போனேன். சார் தொட்டியின் எதிரில் நின்றிருந்தார். கையில் கைப்பேசி.

"ஏழுமலை, இது யாருப்பா?"

"செம்பருத்திதான் சார். பெரிசாயிட்ச்சு. கலர் மாறிக்கிச்சு சார்."

"மாறும்னு நானும் தேடிப் படிச்சேன். மாசக்கணக்குல ஆகும்னு போட்டிருக்கு. இது நீ ஞாயித்துக்கிழமை அனுப்பின படம். செகப்பா இருக்கு. இன்னிக்கு வெள்ளி. அஞ்சு நாள்ல மாறிடுச்சா?"

சேற்று நிறத்தில் எடுத்த படங்கள் என் சட்டைப் பையிலிருந்த கைப்பேசியில்தான் இருந்தன. எடுத்துக் காட்டினால் மீன் அதேதான் என்று தெரிந்துவிடும். கூடவே நான் மாதக்கணக்கில் பழைய படங்களை அனுப்பி ஏமாற்றியதும் தெரிந்துவிடும். அடுத்த கேள்வி, "அப்படின்னா நீ வீட்டுக்கு வந்தியா, இல்லையா?" என்பதாக இருக்கும். பன்னிரண்டு வீடும் அவர் வாயால் வந்தவை. சட்டைப் பைக்குக் கொண்டுபோன கையை வெறுமனே கீழே இறக்கிவிட்டேன்.

சார் குரலைத் தணித்துக்கொண்டார். "செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு சொல்லு. அதே சாதியில பெரிசா ஒண்ணைக் கொண்டுவந்து விட்டுட்டே, அவ்வளவுதானே? முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களோட இருந்தவன் நான். உண்மையைச் சொன்ன பையனை அடிச்சதே கிடையாது."

நான் தலையாட்டினேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தார். "என்னங்க, நம்ம மீனுதாங்க இது. பார்வையைப் பாருங்க. இந்த மூலையில வந்து நிக்கறதைப் பாருங்க" என்றார்.

"அவனே ஒத்துக்கிட்டான், நீ வேற" என்றார் சார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

அன்று மதியம் அம்பத்தூர்க் கடைக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கு இந்தத் தொழிலைக் கொடுத்தவர் அவர். மீன் நீந்துகிற நீச்சலைப் பார்த்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் பல் குத்திக்கொண்டே சிரித்தார்.

"இன்னாடா இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற? மீனு உசுரோட கீது. பெரியவருக்குக் கோவம் தணிஞ்சிட்ச்சு. உனுக்குப் பன்னெண்டு ஊடும் அப்டியே கீது. யாருக்கு இன்னா நஷ்டம்?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. மீன் விஷயத்தில் அவர் சொல்லி நான் கெட்டதில்லை. மனுஷர் விஷயத்திலும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு சார் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆனால் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டார். செம்பருத்தி என்ற பெயரைச் சொல்வதில்லை, "அதுக்குத் தீனி வெச்சுட்டியா?" என்று கேட்பார். அது இடப்பக்க மூலைக்கு வந்து நிற்கும். அவர் திரும்ப மாட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். அதைத் தாண்டி எதுவும் செய்யவில்லை.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது சார் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். மேசை மேல் ஆஸ்பத்திரிக் கோப்பு ஒன்று கிடந்தது. அம்மா காப்பி கொண்டுவரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏப்பா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சார்கிட்ட சொல்லிடாதே."

"சொல்லுங்கம்மா."

"அமெரிக்காவுல இருந்து வந்த புதுசுல, தூக்கம் மாறிப்போயி, எனக்கு ரெண்டு நாளு கிழமை தெரியல. ஒருநாள் அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துட்டேன். அதோட இந்த மீனையும் சேர்த்துக்கிட்டாங்க. செத்துப்போன மீனை உயிரோட இருக்குதுன்னு சொல்றேனாம். பையன் பயந்துட்டான். டாக்டர்கிட்டப் போனோம். நாளைக்கு மூளைக்கு ஸ்கேன் எடுக்கணுமாம்."

நான் துடைப்பதை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"முதல்ல நான் சண்டை போட்டேன்பா. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. காலையில எந்திரிச்சதும் அவரு பேரு, பையன் பேரு, பேத்தி பேரு, எங்க ஊர்த் தெருப் பேரு எல்லாத்தையும் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கறேன். எது எப்பப் போகும்னு பயமா இருக்குது. நீ சொல்லு. இது வேற மீனுதானே? உன் வாயால சொல்லிட்டீன்னா, ஆமா, எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சுன்னு ஏத்துக்குவேன்."

பிள்ளைகளே, அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? அம்மாவிடம் மட்டும் ரகசியமாக உண்மையைச் சொல்லிவிட்டு, சாரிடம் தப்பித்துக்கொள்ளலாமா என்பதுதான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். பன்னிரண்டு வீடும் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. அப்புறம்தான் உறைத்தது: அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால், அவர் இன்னும் அழுத்தமாகச் சொல்வார், சார் இன்னும் அதிகமாகப் பயப்படுவார். மீனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, எனக்கும் இல்லை. நான் ஆட்டிய தலைக்கு இந்தப் பெண்மணி தன் புத்தியைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது செம்பருத்திதாம்மா. நான்தான் பொய்யி சொன்னேன்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

"செம்பருத்திதாம்மா. சாவவே இல்ல. நீங்க சொன்னதுதான் கரீட்டு."

எழுந்து போய் வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "அவரு வர்ற வரைக்கும் நீ நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அந்த இருபது நிமிடமும் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

சார் வந்தார். நான் நின்றபடியே சொன்னேன். பழைய படங்களை அனுப்பியது, ஏன் அனுப்பினேன் என்பது, அவர் கேட்டதும் தலையாட்டியது, எல்லாவற்றையும். பிறகு அனுப்பாமல் வைத்திருந்த படங்களை எடுத்துக் கொடுத்தேன். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மங்கிய செம்மஞ்சள், அழுக்கு நிறம், சேற்று நிறம், வால் பக்கத்தில் முதல் நீலப் புள்ளிகள். கடைசிப் படம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"இது அன்னிக்கே உன்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"ஏன் காட்டல?"

"உங்ககிட்ட கெட்ட பேரு வாங்கப் பயந்தேன் சார்."

"அதுக்காக இவளை…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முடிக்காமல் அவர் திரும்பி அம்மாவைப் பார்த்த பார்வையில் என்னைவிடத் தன்மேல்தான் அதிகக் கோபம் இருந்தது. என் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்தார்.

"ஆஸ்பத்திரிங்களா? நாளைக்குக் காலையில ஒரு ஸ்கேனுக்குச் சொல்லியிருந்தோம்… ஆமாங்க, அவங்களுக்குத்தான். வேண்டாங்க… இல்லைங்க, வேற தேதியும் வேண்டாம். அவங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. அவங்க சொன்னது சரி. நான்தான் கேக்கல."

போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா இடப்பக்க மூலையில் போய்க் கண்ணாடியோடு முகத்தை வைத்துக்கொண்டு, "நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல?" என்று மீனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அழுதார். எனக்கும் தாங்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"சாவியை வெச்சுட்டுப் போ" என்றார் அம்மா, திரும்பாமலேயே.

அவர்கள் அமெரிக்கா போனதிலிருந்து என்னிடமே இருந்த சாவியை மேசையில் வைத்தேன். அந்த வீடு போயிற்று, இனி மற்ற வீடுகளும் போகும் என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

"அடுத்த வெள்ளி வா. மணியடி. நான் வந்து திறக்கறேன்" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

மற்ற வீடுகளில் சாரும் அம்மாவும் எதையும் சொல்லவில்லை. நானேதான் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். இரண்டு பேர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்கள் நியாயம். சேற்று நிறத்தில் இருந்தாலும் சரி, செத்தே போயிருந்தாலும் சரி, அன்றைய படத்தை அன்றைக்கே அனுப்புவது என்று அதற்குப் பிறகு வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வேறு உபதேசம் என்னிடம் இல்லை.

அதற்கப்புறம் நான் நிறுத்தும்வரை நாலு வருடம் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் அந்த வீட்டுக்குப் போனேன். மற்ற வீட்டுச் சாவிகள் இடுப்பில் கலகலவென்று தொங்கும். அங்கே மட்டும் கேன்களை இறக்கி வைத்துவிட்டு மணியடித்து நிற்பேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல நடந்து வந்து திறப்பதற்கு நேரமாகும். ஒரு நாள்கூட நான் இரண்டாவது முறை மணியடித்ததில்லை.